ரெஸ்ட் என்ற சொல்லும் இரண்டு நெரைகளும்

என்னிடம் இருக்கும் ஆங்கில அகராதியின் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ரெஸ்ட் என்ற சொல் வரும் பக்கம் மட்டும் ஏனோ தப்பியிருக்கிறது. நான் அதை அடிக்கடி திறந்து பார்த்ததால் கரையானுக்கு அங்கே நிம்மதியாக உட்கார முடியாமல் போயிருக்கலாம். சின்னச் சொல்தான், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிழையில்லாமல் எழுதிவிடும். ஆனால் மலாயாவில், கூலாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸராக இருந்த காலம் முழுவதும், என் பெயருக்கு அடுத்தபடியாக நான் அதிகம் எழுதிய சொல் அதுதான். எழுதி எழுதி அலுத்துப்போனேன். அந்தச் சொல் சொல்லும் காரியத்தை நான் செய்தது குறைவு.

டிரெஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். காயத்துக்குக் கட்டுப்போட வேண்டும், காய்ச்சலுக்குக் கொய்னாத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். நான் 1916இல் வந்தேன். மாதம் மாசி. பங்குனி என்று வேறு ஓரிடத்தில் எழுதிவைத்திருக்கிறேன்; அது தவறு, கப்பலில் வரும்போது சிவராத்திரி கடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவே பாலம் கிடையாது. நீரிணையைப் படகில் கடந்துதான் ரயில் ஏறவேண்டும்.

எதைக் கேட்டாலும் எங்கே, எப்போது கேட்டேன் என்று குறித்துவைக்கும் பழக்கம் எனக்குண்டு. அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. என் மனைவி இதை ஒரு வியாதி என்றே சொல்லுவாள். ரெஸ்ட் என்ற சொல்லை நான் முதலில் படித்தது நாகப்பட்டினத்து மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே அதற்கு 'மிச்சம்' என்று பொருள். பத்து மாம்பழத்தில் நாலு போக ரெஸ்ட் எத்தனை என்று கேட்பார்கள். அதே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் இருந்தன, அந்தக் கற்களிலும் இதே சொல். செத்தவர்களை ஏன் மிச்சம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று அந்த வயதில் கொஞ்சநாள் யோசித்ததுண்டு. யாரிடமும் கேட்கவில்லை.

தோட்டத்துக்கு வந்த பிறகு அதற்குப் புதிய பொருள்கள் சேர்ந்துகொண்டே போயின. டாக்டர் எல்லாவற்றுக்கும் அதையே மருந்தாக எழுதுவார். கால் புண்ணா, ரெஸ்ட். கொக்கிப் புழுவில் வெளுத்துப்போன ஆளா, இரும்புச்சத்து மருந்தும் ரெஸ்ட்டும். பிள்ளை பெற்றவளா, ரெஸ்ட். துரையின் பங்களாவில் பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில், முனையில் பித்தளைக் கவை வைத்த ஒரு நீண்ட கோல் சாத்தியிருக்கும். எட்டாத பந்தை அடிக்க அதன்மேல் தடியை ஊன்றிக்கொள்வார்கள். அதற்கும் பெயர் ரெஸ்ட். துரையின் கைக்குக் கட்டுப்போடப் போனபோது, 'அந்த ரெஸ்ட்டை எடு' என்று அவர் சொல்ல, நான் போய் நாற்காலியை இழுத்து வந்து நின்றேன். அவர் சிரித்தார். கோபப்படவில்லை. அலுவலகக் கடிதங்களில் அந்தச் சொல் 'ரெஸ்ட் அஷ்யூர்ட்', அதாவது 'கவலைப்படாமல் இரு', என்ற உறுதியாக வரும். அப்படிக் கடிதம் வந்தால் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, உடனே கவலைப்படத் தொடங்குவார்.

தொழிலாளர்கள் அந்தச் சொல்லை எடுத்து உகரம் சேர்த்துத் தங்கள் வீட்டுச் சொல்லாக்கிக்கொண்டார்கள். மழை பெய்து மரம் நனைந்தால் பால் வெட்டமுடியாது, அது மழை ரெஸ்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன் ரெஸ்டுல இருக்கான். ஒரு பக்கத்துப் பட்டையை வெட்டி முடித்து, அது மறுபடி வளரும்வரை விட்டுவைத்தால் பட்டைக்கு ரெஸ்டு. வேலைக்கு வராமல் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், படுத்திருக்கும் மாமியாரைக்கூட, அத்தைக்கு ரெஸ்டு என்று மருமகள்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதையெல்லாம் நான் ரசித்துக் குறித்துவைத்தேன். வேலை இருந்த காலம் அது. சொற்களை ரசிக்க மனிதருக்கு இடம் இருந்தது.

1930இல் ரப்பர் விலை விழுந்தது. விலை விழுந்தது என்பதைவிட, விழுந்து எழுந்திருக்காமலே கிடந்தது என்று சொல்லவேண்டும். தோட்டத்தில் ஒவ்வொரு பிளாக்காக ரெஸ்ட்டில் போட்டார்கள். ஆற்றுப்பக்கத்து மரங்கள் முதலில், பிறகு கம்பம் என்னும் மலாய்க் கிராமத்தை ஒட்டியவை, பிறகு ஸ்கூடாய் போகும் சாலைக்கு மேலே இருந்த இளமரங்கள். ஒரு பிளாக்கை நிறுத்தினால், கம்பியில் மாட்டியிருக்கும் மங்குகளை, அதாவது பால் பிடிக்கும் கிண்ணங்களை, எடுத்து ஒவ்வொரு மரத்தடியிலும் கவிழ்த்துவைக்க வேண்டும். மழைத் தண்ணீர் தங்கிக் கொசு வரக்கூடாது என்பதற்காக நான் கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. காலையில் அந்தப் பக்கமாக நடந்தால் மரங்களுக்கு நடுவே சத்தமே இருக்காது. கவிழ்த்த மங்குகள் மட்டும் வரிசை வரிசையாகத் தெரியும். நான்தான் கேட்டுச் செய்யவைத்தேன் என்றாலும் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மரங்களுக்கு ஓய்வு கொடுத்தால் அவற்றை வெட்டியவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். ரயிலில் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் நாகப்பட்டினம் அல்லது சென்னை. வேலை போனவனுக்கும் உடம்புக்கு முடியாதவனுக்கும் கப்பல் இலவசம். வேலை இருக்கும்போது தானாக விட்டுப் போகிறவன் தன் கைக்காசில்தான் போகவேண்டும், அந்தக் காசு யாரிடமும் கிடையாது. இதையெல்லாம் சொல்லிவைத்தால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

முதலில் அனுப்பப்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். அது தெரிந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி காலியாகிவிட்டது. காய்ச்சல் இல்லாமல் போகவில்லை, காய்ச்சலோடு பெரட்டுக்கு வந்தார்கள். பெரட்டு என்பது விடியுமுன் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் இடம். அங்கே நடுங்குகிறவனை இரண்டு பக்கமும் நெருக்கி நின்று நேராக நிற்கவைப்பார்கள். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டே போவேன். என்னைக் கண்டதும் எல்லாரும் நலமாகிவிடுவார்கள். மருந்து கொடுக்க வந்தவனைக் கண்டு பயப்படும் ஒரு கூட்டத்தின் நடுவே தினமும் நடப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் மேட்டு லயத்துக் கடைசி அறைக்காரி ஒருத்தி இருந்தாள். நல்ல உயரம், பேச்சில் வாய்த்துடுக்கு. நாள் முழுவதும் வெற்றிலை மென்றுகொண்டே இருப்பாள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இளம் விதவையாகக் கப்பலேறி வந்தவள். அவள் புருஷன் சேலத்துக்காரன். சாதியும் வேறு. இங்கே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். கோயிலுக்குத் தகரக் கூரை போட்ட வருஷம் அது, 1924. இருவரும் ஊருக்கு ஒரு கடிதம் போட்டதில்லை. திரும்பிப் போனால் அவளுடைய ஊரில் அவனுக்கு இடமில்லை, அவனுடைய ஊரில் அவளுக்கு இடமில்லை. இருவரையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும் இடம் என்று ஒன்று உலகத்தில் இருந்ததானால், அது இந்தத் தோட்டத்தின் மேட்டு லயத்துக் கடைசி அறைதான்.

அவளுக்கு மலேரியா விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. மண்ணீரல் வீங்கி இடது பக்கம் கல்போல இருந்தது. வெளுப்பு வெளியே தெரியாமல் இருக்கத்தான் வெற்றிலை. உதடும் நாக்கும் எப்போதும் சிவந்திருந்தால் டிரெஸர் எதைப் பார்த்து ரத்தமில்லை என்று சொல்வார்? ஒருநாள் பெரட்டில் அவளை நிறுத்தி, கண் இமையை இழுத்துக் காட்டச் சொன்னேன்.

"கண்ணுல என்னங்கய்யா இருக்கு, ஒதட்டப் பாருங்க. எம்புட்டுச் செவப்பு."

"அது வெத்தலச் செவப்பும்மா."

"ஒடம்புல ரத்தம் இல்லாதவ போட்டா வெத்தல செவக்குமா? நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா."

வரிசை சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நகர்ந்தேன். கண்ணிமையின் உட்புறம் பழைய காகிதம்போல இருந்ததை நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வந்து படுக்கும்படி தனியாக எத்தனையோ முறை சொன்னேன். ரெஸ்ட் எடுக்காமல் மருந்து மட்டும் குடித்தால் நிற்காது என்றேன். ரெஸ்டு எடுத்தா கப்பல், எடுக்காட்டி காச்சலு, காச்சலோட இருந்துக்கிறேன் என்றாள். பிறகு எல்லாரையும் போல அவளுக்கும் கொய்னாவைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தனுப்பத் தொடங்கினேன்.

அப்படிப்பட்ட உடம்போடு அவள் எப்படித் தினமும் ஒரு நெரை மரங்களை வெட்டி முடிக்கிறாள் என்பது எனக்குப் புரியாமல் இருந்தது. நெரை என்பது ஒரு ஆளுக்கு ஒதுக்கிய மர வரிசைகள். புரிந்தது 1931 ஐப்பசியில். கொசுவை ஒழிக்க வாய்க்கால்களில் எண்ணெய் தெளிக்கும் ஆட்களோடு விடியும் நேரத்தில் உள்ளே போயிருந்தேன். அவள் தன் நெரையின் முதல் மரத்தடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மரங்களை அவள் புருஷன் வெட்டிக்கொண்டிருந்தான்.

பால் வெட்டுவதைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்லவேண்டும். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதோடு, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவவேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே மரம் காயப்படும், அந்த இடம் பிறகு முடிச்சு முடிச்சாகத் தடித்துவிடும். அவன் குளிர்ந்த நேரம் முழுவதையும் அவளுடைய நெரைக்குக் கொடுத்தான். ஒவ்வொரு மரத்திடமும் நின்று, குழந்தைக்குத் தலைமயிர் மழிப்பதுபோல அத்தனை பொறுமையாகச் சீவினான். அந்த நெரை முடியும்போது வெயில் வந்திருக்கும். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் இருந்த தன் நெரைக்கு ஓடுவான். ஓடி ஓடி வெட்டுவான். கத்தி எங்கே போனாலும் போகட்டும் என்ற வெட்டு. காண்டா என்னும் தோள்கம்பில் வாளிகளை மாட்டிப் பால் எடுப்பதை முடிந்த நாட்களில் அவள் செய்தாள், முடியாத நாட்களில் அதையும் அவனே செய்தான்.

என்னைப் பார்த்ததும் கத்தியைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஐயா, பாத்தத மறந்துடுங்க."

ஏன் இப்படி, இரண்டு நெரையையும் சமமாக வெட்டினால் என்ன என்று கேட்டேன்.

"அவ நெரையில ஒரு காயம் பட்டாலும் அவளத்தான் மொதல்ல ஏத்துவாங்க. பொம்பள, நோவாளி. என்னைய எதுக்கு அனுப்பப்போறாங்க? எனக்குக் கையி காலு கெட்டியா இருக்கு. திட்டுவாங்க. திட்டுனா வாங்கிக்கிறேன்."

அவனுடைய கணக்கு எனக்கும் சரியாகவே பட்டது. உடம்பு கெட்டியான ஆண்பிள்ளையைத் தோட்டம் விடாது என்பது அதுவரை எல்லாரும் நம்பிய விஷயம். பதினைந்து வருஷமாக நானும் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

ஆட்களை மேற்பார்க்கும் கங்காணிக்கு இது தெரியும். அந்தப் பிளாக்குக்கே தெரியும். கங்காணி தினமும் இரண்டு நெரைகளையும் தாண்டித்தான் போவார். அவர் தன் பாட்டுக்கு ஒரு தந்திரம் செய்தார். தெரியாதவர்போல் காட்டிக்கொள்ள, பெரட்டில் அவனை வாய்க்கு வந்தபடி ஏசுவார். அதில் ஒரு வேடிக்கையும் இருந்தது, அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஆள் குறைந்த பெரட்டில் சிரிப்பதற்கு வேறு என்ன இருந்தது.

மார்கழியில் மறுபடி ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. துரையே ஒவ்வொரு நெரையாகப் போய்ப் பட்டையைப் பார்த்தார். மறுநாள் பெரட்டுக்கும் வந்து ஒரு ஓரமாக நின்றார். கங்காணி வழக்கம்போல் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, மரம் வெட்டுறியா, கறி வெட்டுறியா? ஒம் பொஞ்சாதி நெரையப் போயிப் பாருடா. பொம்பள கத்தி எப்படி வழுவழுன்னு போயிருக்கு. அவகிட்டயே தக்கணை வெச்சுக் கத்துக்க."

"கத்துக்கிறேன் கங்காணி. அவ சொல்லித் தர மாட்டேங்கிறா."

"நா சொல்லித்தந்தா எங்க ஏறுது? மண்டயில மூளை இருந்தால்ல." இது அவள்.

பெரட்டு முழுவதும் சிரித்தது. அந்த இரண்டு நெரைகளும் ஒரே கை வெட்டியவை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் அத்தனை சிரிப்பு. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன், அவன் முகத்தில் பெருமை இருந்தது. தன் கையின் வேலையைத் தன் மனைவியின் பெயரால் ஊரே புகழும்போது ஒரு ஆளுக்கு வரக்கூடிய பெருமை. கங்காணியும் தன் தந்திரம் பலித்த திருப்தியோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

துரை தமிழ்ப் பரீட்சை தேறியவர் என்பதை அந்த நேரத்தில் எல்லாரும் மறந்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. இந்தத் தடவை உடம்பைப் பார்க்கவில்லை, பட்டையைப் பார்த்தார்கள். எஞ்சிய மரங்களைக் காயப்படுத்தாத கை மட்டும் தோட்டத்துக்கு வேண்டும். அவளுக்கு வேலை இருந்தது. அவனுக்கு இல்லை. பொங்கல் கழிந்து அவன் போகவேண்டும்.

கங்காணி அன்று மாலை ஆஸ்பத்திரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, என் வாய்தான் டிரெஸர் ஐயா என்றார். துரை அதற்கு முந்தின நாளே மரத்தைப் பார்த்துவிட்டார், உம் வாயால் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் பெரட்டில் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. பெயரை மட்டும் கூப்பிடுவார்.

நான் துரையிடம் போனேன். நடந்தது நடந்தபடி சொன்னால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் யோசித்தேன். வெட்டியவன் அவன்தான் என்று தெரிந்தால் அவனை வைத்துக்கொண்டு அவளை அனுப்புவார்கள், கூடவே கங்காணிக்கும் வேலை போகும். ஆகவே அதைச் சொல்லவில்லை. புருஷன் மனைவி இருவரையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டேன். துரை வராந்தாவில் நீண்ட நாற்காலியில் சாய்ந்திருந்தார். பில்லியர்ட்ஸ் மேசையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவரும் அந்த வருஷத்தில் மிகவும் இளைத்துப்போயிருந்தார். ஒருவரை வைத்தால் இன்னொருவரை எடுக்கவேண்டும், அந்த இன்னொருவர் யார் என்று நீயே சொல் என்றார். மரியாதையாக எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, பெரட்டு முடிந்து எல்லாரும் மரத்துக்குப் போன பிறகு, அவள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணி மூட்டை. வாயில் வெற்றிலை இல்லை. அவளுடைய உதட்டின் நிறத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். சாம்பல் நிறம்.

"படுக்க எடம் இருக்குங்களா?" என்றாள்.

எல்லாக் கட்டில்களும் காலியாகத்தான் கிடந்தன. அதை அவளும் பார்த்தாள்.

"எத்தன மாசமா கூப்பிட்டீங்க. வந்துட்டேன். எழுதுங்க ரெஸ்டு."

"இப்ப படுத்தா ஒன் வேல போயிடும்மா. தெரியுமில்ல?"

"அதுக்குத்தானே வந்தேன். சும்மா ரெஸ்டுன்னு எழுதுனாப் பத்தாதாம். இனிமே இவளால முடியாதுன்னு எழுதணுமாம். அப்பத்தான் கப்பல் சும்மா வருமாம். அவரு விசாரிச்சுட்டு வந்தாரு."

நான் அவளை உட்காரவைத்துப் பேசிப்பார்த்தேன். இங்கே இருந்தால் அரிசி உண்டு, மருந்து உண்டு. அவன் போய் அங்கே ஒரு வேலை பார்த்துக்கொண்டு, விலை ஏறினதும் திரும்பி வரலாம். ஊரில் மழையில்லை, வேலையில்லை என்று போனவர்கள் எழுதுகிறார்கள். போய் எந்த ஊரில் இறங்குவீர்கள்? இதையெல்லாம் அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், ஒரு சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்பதுபோல.

"அவரு இல்லாம என் நெரைய யாரு வெட்டுவாங்கய்யா?" என்றாள். பிறகு, "ஊரு எதுன்னு தெரியல. கப்பல்ல ஏழெட்டு நாளு ஒண்ணா இருப்போம்ல. எறங்குன பொறவு யோசிச்சுக்கலாம்" என்றாள்.

டாக்டர் வந்த அன்று அவளைக் காட்டினேன். வயிற்றை அழுத்திப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார். இவளுடைய வேலை நன்றாக இருப்பதாகத் துரை சொல்கிறாரே என்றார். வேலை நன்றாகத்தான் இருக்கிறது, உடம்பு இல்லை என்றேன். அவருக்கு அன்று இன்னும் இரண்டு தோட்டங்கள் பார்க்கவேண்டியிருந்தது. பெட்டியை மூடிக்கொண்டே, முடிவு உன்னுடையது என்றார். அதை ஆங்கிலத்தில், 'இட் ரெஸ்ட்ஸ் வித் யூ' என்று, ரெஸ்ட் என்ற சொல்லையே போட்டுச் சொன்னார். அகராதியில் அந்தப் பொருளும் உண்டு. வேறு ஒரு நாளாக இருந்தால் குறித்துவைத்திருப்பேன்.

எழுதினேன். பொய்யாக ஒரு எழுத்தும் எழுதவில்லை. உள்ளது உள்ளபடி எழுதினாலே அவளை அனுப்பப் போதுமானதாக இருந்தது. அந்தத் தோட்டத்தில் நான் எழுதியவற்றில் அவ்வளவு சரியான மருத்துவக் குறிப்பு வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

பொங்கல்வரை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் மூன்று நாளும் தூங்கினாள். சாப்பிட எழுப்பினால் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குவாள். பல மாதத் தூக்கம். அவன் வேலை முடிந்ததும் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வான். அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் அவன் வேலையை நிறுத்தவில்லை. இப்போது வேறொருத்தியிடம் கொடுக்கப்பட்டிருந்த அவளுடைய நெரையைத் தாண்டும்போதெல்லாம் நின்று பார்ப்பான் என்று கங்காணி சொன்னார். ஒருநாள் என்னிடம் வந்து, அந்தப் பொண்ணு கத்திய அழுத்துது ஐயா, கொஞ்சம் சொல்லிவெய்யுங்க என்றான். நான் டிரெஸர், மரத்தைப் பற்றி நான் யாரிடம் சொல்வது?

கூலாய் ஸ்டேஷன்வரை நானும் போனேன். போகிறவர்களுக்கு வழியில் வேண்டிய மருந்தைக் கட்டிக் கொடுப்பது என் வேலை. அவளுக்குக் கொய்னா வில்லைகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்லிக் கொடுத்தேன். மறுபடியும் வெற்றிலை போட்டிருந்தாள். மறைக்க ஒன்றும் இல்லாதபோது எதற்கு வெற்றிலை என்று கேட்டேன்.

"கப்பல்ல ஏறுற எடத்துல வேற டாக்டரு பாப்பாராமே. ரொம்ப நோவாளின்னு எறக்கிவிட்டுட்டா?"

அவன் மூட்டைகளை ஏற்றிவிட்டு, அவளுக்குக் கை கொடுத்து ஏற்றினான். ரயில் போனது. அந்தக் காலத்தில் அந்த ஸ்டேஷனில் ரயில் போனபிறகு நின்றுகொண்டிருப்பவர்கள் அதிகம், நானும் அவர்களில் ஒருவனாகக் கொஞ்சநேரம் நின்றேன். அவர்கள் எங்கே இறங்கினார்கள், எந்த ஊருக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்து எழுத யாருடைய விலாசமும் என்னிடம் இல்லை.

அந்த மாசியிலேயே அவர்கள் பிளாக்கையும் ரெஸ்ட்டில் போட்டுவிட்டார்கள். மங்குகள் கவிழ்ந்தன. அவளை வைத்துக்கொண்டிருந்தாலும் அதிக நாள் வைத்திருக்கப்போவதில்லை. இது தெரிந்தபோது எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டும் என்று எண்ணினேன். ஆறுதலாக இல்லை. களைப்பாக இருந்தது.

1934இல் விலை கொஞ்சம் எழுந்தது. மரங்களைத் திறந்தார்கள், புதிய ஆட்கள் வந்தார்கள். கொசு ஏதாவது பெருகியிருக்கிறதா என்று பார்க்க நான் அந்தப் பிளாக்குக்குள் போனபோது, கங்காணி ஒரு புது ஆளுக்கு நெரை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. வெட்டிய பட்டை இரண்டு வருஷ ஓய்வில் மறுபடி வளர்ந்திருந்தது. ஒரு நெரையில் அது வழுவழுப்பாக, புதிதுபோல இருந்தது. பக்கத்து நெரையில் மரத்துக்கு மரம் முடிச்சும் தடிப்பும். கத்தி வைக்கவே இடமில்லை.

புது ஆள் இரண்டையும் தடவிப் பார்த்தான். நல்ல நெரையைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டான். பிறகு, "இத வெட்டுனவன் யாரு கங்காணி? தொழில் தெரிஞ்சவன். அந்தப் பக்கத்தக் கொதறுனவன் எவன்?" என்றான்.

"ரெண்டும் ஒரே ஆளு."

அவன் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

"ஒரே ஆளுன்னா ஏன் இப்படி?"

கங்காணி மரத்தடியில் கவிழ்ந்திருந்த மங்கை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார்.

"அது அவன் பொஞ்சாதி நெரை," என்றார். "இது அவன் நெரை."